ஆசீர்வாதப்பர் கோயில் வடக்குச் சுவர்

அன்று சாயங்காலம் பாயில் தூங்கிப்போயிருந்த சேதுவைத் தூக்கிக் கட்டிலில் போடக் குனிந்த பிரபாவதிக்கு இடுப்பில் சுருக்கென்றது. நாலு வயசுப் பிள்ளை. அதுவும் பிறந்ததிலிருந்து எலும்பும் தோலுமாக, பார்க்கிறவர்களெல்லாம் சாப்பாடு போடுகிறாயா இல்லையா என்று கேட்டு அவள் பிராணனை வாங்குகிற பிள்ளை. நேற்றுவரைக்கும் அவனை ஒரு கையால் வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையால் தோசை திருப்பியிருக்கிறாள். இன்றைக்கு இரண்டு கையும் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்க வேண்டியிருந்தது. கட்டிலில் கிடத்தியதும் கயிறு கிறீச்சிட்டுத் தாழ்ந்தது.

உடம்பு பிடிக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். தன் கண்ணே பட்டுவிடப் போகிறதென்று அவன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். வெளியே புதுப்பட்டினத்துத் தெருவில் கருவாடு காயும் வாசனையும், பக்கத்துப் போர்ஷன் ஸ்டவ்வின் மண்ணெண்ணெய் நெடியும், கடைத்தெரு டிரான்சிஸ்டரின் பாட்டும், அத்தனைக்கும் அடியில் ஓயாத கடல் இரைச்சலும் ஒன்றாகக் கலந்து ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தன. பழக்க தோஷத்தில் பிள்ளையின் மார்பில் காதை வைத்தாள். இரண்டு வருஷமாக விளக்கு வைத்ததும் அவள் செய்கிற முதல் வேலை அதுதான். மார்பு ஜில்லென்றிருந்தது. சுண்ணாம்பு வாசனை அடித்தது. இழுப்புச் சத்தம் இல்லை. அது போதும் அவளுக்கு. வேறு என்ன கேட்கிறது, என்ன கேட்கவில்லை என்று அன்றைக்கு அவள் கவனிக்கவில்லை.

இழுப்பு வந்தது இந்த ஊருக்கு வந்த பிறகுதான். புருஷன் ஜானகிராமனுக்குக் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டுகிற இடத்தில் டெக்னீஷியன் வேலை. திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும் கைக்குழந்தையுமாக வந்து இறங்கினார்கள். உப்புக் காற்று பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரியானால் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம், கழுத்து நரம்பு புடைத்துக்கொள்ளும், உதடு நீலம் பாரிக்கும். அவனை நிமிர்த்தி மடியில் வைத்தபடி விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். செங்கல்பட்டு டாக்டர், வளர வளரச் சரியாகிவிடும் என்றார். வளருகிற மட்டும் உயிர் கிடக்க வேண்டுமே?

மீன் கொண்டுவருகிற குப்பம்மாதான் ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு யோசனை சொன்னாள்.

"இன்னாம்மா, புள்ளைக்கு இன்னும் மூச்சு இஸ்துகினே கீதா? ஆலிக்குப்பத்துக்கு இட்டுகினு போயி நூலளந்து ஏத்து. கல்லுக்கோயிலு. ஆசீர்வாதப்பரு. நாங்க இன்னா வேதக்காரங்களா? எங்க புள்ளைங்களுக்கு நோவுன்னா அங்கதான் ஓடறோம்."

மூழ்குகிறவளுக்கு எந்தக் கை நீண்டால் என்ன? மறுநாளே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

ஆலிக்குப்பத்துக் கோயில் இந்தப் பக்கத்துச் சர்ச்சுகள் மாதிரி இல்லை. ஊசிக் கோபுரம் இல்லை, நீலமும் ரோஸுமாகப் பெயிண்ட் இல்லை. கருங்கல். மணல்மேட்டின் நுனியில், அலை வந்து காலை நனைக்கிற தூரத்தில், கடலுக்குக் குறுக்கே முதுகைக் கொடுத்துக்கொண்டு குந்தியிருந்தது. சுவர்களின் கனம் ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம் போலிருந்தது. ஜன்னல்கள் ஒரு சாண் அகலம்தான். உள்ளே தூணுக்குத் தூண் அரைவட்டமாக வளைந்த கல்வளைவுகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக இருட்டுக்குள் போயின. பட்டப்பகலில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டுதான் நடக்க முடியும். உள்ளே காலடி வைத்ததுமே கடல் சத்தம் நின்றுவிட்டது. அது ஒன்றுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கோயில்பிள்ளை தேவசகாயத்துக்கு ஐம்பது வயசிருக்கும். மணியடிப்பது, பெருக்குவது, விளக்கேற்றுவது எல்லாம் அவர்தான். சாமியார் மாதத்துக்கு ஒருதரம் வருகிறவர். வெளியூர் முகத்தைக் கண்டால் தேவசகாயம் கோயில் கதையை மனப்பாடமாக எடுத்து விடுவார்.

"இது நம்மூரு மாடலு இல்லம்மா. பிரான்சு தேசத்துல ஒரு மடம் கீது. எண்ணூறு வருசத்துக் கட்டடம். அந்த மடத்துச் சாமியாரு ஒருத்தரு, இன்னா மனஸ்தாபமோ, கப்பலேறி சதுரங்கப்பட்டினத்துல வந்து எறங்குனாரு. கூட ஒரு சின்ன சாமியாரு, பதினெட்டு வயசுப் பையன். கையில ஒரு தோல் சுருளு. அதுல மடத்துக் கோயில அப்டியே வரைஞ்சு கீது. அதே கனம், அதே வளைவு. ஒரு முழம் மாத்தக்கூடாதுன்னுட்டாரு."

"மணல்ல இவ்வளவு கனமான சுவர் எப்படிங்க நிக்குது?"

"நிக்கலியே. இந்த வடக்குச் சுவரு ரெண்டு தபா வுழுந்துச்சு. மூணாந்தபா நின்னுச்சு. அப்பால ஐதரலி ஆளுங்க குதிரையோட பூந்து இடிச்சாங்க. கட்டுனாங்க, நின்னுச்சு. எங்க தாத்தன் காலத்துப் புயல்ல வுழுந்துச்சு. அப்பவும் கட்டுனாங்க. இப்ப பாரு, மறுபடி வாயத் தொறந்துகினு கீது."

வடக்குச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. கை நுழையும். உள்ளிருந்து ஈரச் சுண்ணாம்பு வாசனையோடு காற்று விட்டுவிட்டு வந்தது.

"மூணாவது தடவை மட்டும் எப்படி நின்னுச்சு?"

தேவசகாயம் குனிந்து மெழுகுக் கறையைச் சுரண்ட ஆரம்பித்தார். "சர்வேசுரன் கிருபைம்மா" என்றார். "புள்ளைய இப்டி நிக்க வையி."

வெள்ளை நூல்கண்டை எடுத்து சேதுவின் உச்சந்தலையில் ஒரு நுனியை வைத்து, முதுகு வழியாக இறக்கி, குதிகாலில் கத்தரித்தார். அந்த நூலைத்தான் திரியாக முறுக்கி மெழுகில் தோய்த்து ஏற்ற வேண்டும். "நீயே உன் கையால ஏத்தணும். முழுசா எரிஞ்சு அணையற வரிக்கும் இருந்து பாத்துட்டுத்தான் போவணும். மிச்சம் வெக்காத" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு மணியடிக்கப் போனார்.

பிரபாவதி நூலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆளை அளந்து எரிப்பது பிணத்துக்குத்தான் என்று அவள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தலையிலிருந்து கால்வரை பிள்ளையின் அளவு இது. இதற்குப் பெற்றவளே நெருப்பு வைப்பதா? கும்பிடுகிற சாமி எதுவானாலும் சரி, இந்த அபசகுனத்தை அவள் கை செய்யாது. இந்தப் பிள்ளை வேண்டுமென்று சொந்த ஊர்க் கோயில் மரத்தில் தொட்டில் கட்டினாள். கட்டிய வேண்டுதல்தானே பலித்தது? யாராவது எரித்து வேண்டுவார்களா?

தேவசகாயம் விட்டுப்போன கண்டிலிருந்து வேறொரு நூலைக் குத்துமதிப்பாக அறுத்தாள். அதைத் திரியாக்கி ஏற்றினாள். சேதுவின் நூலைச் சின்னச் சுருளாகச் சுற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வடக்குச் சுவர் வெடிப்புக்குள் விரல் போகிற மட்டும் தள்ளி வைத்தாள். பத்திரமாக இருக்கட்டும். விரலை எடுக்கும்போது நூல் உள்ளே மெல்ல இழுபட்ட மாதிரி இருந்தது. காற்று என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி இழுப்பு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பிள்ளை பக்கத்தில் சத்தமில்லாமல் தூங்க, அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். குப்பம்மாவுக்குப் புதுசாகவே ஒரு புடவை எடுத்துக் கொடுத்தாள்.

பாரம் ஏற ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். கட்டில் கயிறு கிறீச்சிட்ட நாளோடு நிற்கவில்லை. சாப்பிட உட்கார்ந்த பிள்ளையின் கீழே பலாக்கட்டை மணை நெடுகப் பிளந்தது. வாசல் மணலில் அவன் நடந்த இடத்தில் ஒவ்வொரு பாதமும் பெரிய ஆள் மிதித்ததைவிட ஆழமாகப் பதிந்து, ஊற்று நீர் கசிந்து நின்றது. டிஸ்பென்சரிக்கு நடத்திக் கூட்டிப் போனாள். எடை பார்க்கிற மெஷினில் ஏற்றினதும் முள் கடைசிவரை ஓடி, அங்கேயே ஒட்டிக்கொண்டது. கம்பவுண்டர் அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினான்.

"மெஷின் அவுட்டும்மா. நாளைக்கி வா" என்றான். "புள்ள நல்லாத்தானே கீறான்? இழுப்பே காணோமே. உங்களுக்கெல்லாம் நல்லா இருந்தாலும் பேஜாருதான்."

நன்றாகத்தான் இருந்தான். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. தெருப் பிள்ளைகள் கூப்பிட்டால் போகவில்லை. முற்றத்துச் சுவரில் முதுகை ஒட்டவைத்து, கைகளைத் தொங்கவிட்டு, நேராக நின்றுகொண்டிருப்பான். காலையில் நிற்க ஆரம்பித்தால் வெயில் முற்றத்தைக் கடந்து போய்விடும், அவன் அப்படியே நிற்பான்.

"கால் வலிக்கலையாடா கண்ணா? உக்காரேன்."

"நின்னாத்தாம்மா நல்லா இருக்கு."

உச்சிவெயிலில் தொட்டாலும் உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. தலை வாரிவிட்டால் சீப்பில் வெள்ளை வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. பொடுகு என்று விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்தாள். நறநறத்தது. முகர்ந்தாள். காதுமடலுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், விரலிடுக்கில், எங்கே துடைத்தாலும் அந்த ஈரச் சுண்ணாம்பு வாசனை. பொழுது சாய்கிற நேரத்தில் வாயைத் திறக்காமல் ஒரு ராகத்தை முனகினான். இழுத்து இழுத்து, மெதுவாக, ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் போகிற ராகம். அவள் காதில் விழுந்த எந்தப் பாட்டிலும் அது சேர்த்தியில்லை.

ஜானகிராமன் ஷிப்டு முடிந்து ஸ்டாஃப் பஸ்ஸில் வந்து இறங்கியதும் சொன்னாள். அவன் சிரித்தான்.

"இளைச்சிருந்தா அழுவே. இப்ப தேறுறான்னு அழுவுறியா பிரபா?"

"ஒருதரம் தூக்கிப் பாருங்களேன். உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

அவன் விளையாட்டாகக் குனிந்து பிள்ளையின் அக்குளில் கை கொடுத்தான். சிரிப்பு முகத்திலேயே நின்றது. கால்களை அகட்டி வைத்துக்கொண்டு மறுபடி முயன்றான். கழுத்து நரம்பு புடைத்தது. பிள்ளையின் பாதம் தரையை விட்டு ஒரு நூலளவும் எழும்பவில்லை. சேது அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி சும்மா நின்றான். ஜானகிராமன் கையை உதறிக்கொண்டு பின்வாங்கி, உள்ளங்கையில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியை பேண்ட்டில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். அப்புறம், டபுள் ஷிப்டுக்கு ஆள் வேண்டுமென்று சொன்னார்கள் என்று முணுமுணுத்துவிட்டு, சாப்பிடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கும் பயமாக இருக்கிறதடி என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவளுக்குப் பாதி பாரம் இறங்கியிருக்கும். அதற்குக்கூட அவனுக்குத் தைரியமில்லை.

அவன் போன பிறகு பிரபாவதி பிள்ளையின் எதிரே மண்டியிட்டாள். மார்பில் காதை வைத்தாள். இந்தத் தடவை நன்றாகக் கேட்டாள்.

இழுப்பு இல்லை.

துடிப்பும் இல்லை.

காதை அழுத்தினாள். இடம் மாற்றினாள். முதுகில் வைத்தாள். ஒன்றுமில்லை. கல்கட்டடத்துக்குள் நுழைந்ததும் வெளிச்சத்தம் அறுந்துபோகுமே, அந்த அமைதி. மூக்கின் கீழே விரலை வைத்தாள். காற்றே வரவில்லை.

"சேது."

"என்னம்மா."

உதடு அசைந்தது. விரலில் மூச்சு படவில்லை.

காலையில் குப்பம்மா வந்தாள். வாசற்படியில் கூடையை இறக்கப் போனவள் முற்றத்தில் நின்ற பிள்ளையைப் பார்த்தாள். கூடையை இறக்கவில்லை. அவள் முகம் மாறிப்போயிற்று.

"யம்மா. அந்த நூல எரிச்சியா?"

பிரபாவதியால் பொய் சொல்ல முடியவில்லை. "பிள்ளை அளவை எப்படிக் குப்பம்மா கொளுத்தறது? சுவத்துல வச்சேன். வேண்டிக்கிட்டுத்தான் வச்சேன்."

"வடக்கால சுவத்துலயா?"

"ஆமா."

குப்பம்மா தலையிலிருந்த கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னாலேயே தெருவில் இறங்கினாள். "போயி எடுத்துடு. இன்னிக்கே எடுத்துடு" என்றாள். இன்னும் கேட்பதற்குள் விடுவிடென்று நடந்துவிட்டாள். அன்றைக்கு அந்தத் தெருவில் அவள் மீன் கூவவில்லை.

பக்கத்தில் குவார்ட்டர்ஸ் கட்டுகிற கொத்தனார் எல்லப்பனைக் கெஞ்சிக் கூப்பிட்டாள். சுவரில் மாட்டிக்கொண்ட ஒன்றை எடுக்க வேண்டும், உளியும் சுத்தியும் கொண்டு வா, கூலி எவ்வளவானாலும் தருகிறேன் என்றாள். வேலை முடிந்துதான் வர முடியும் என்றான். வெயில் தாழும் மட்டும் முள்மேல் நின்றாள். வண்டிக்காரன் துரையின் மாட்டுவண்டியில் கிளம்பினார்கள். பிள்ளையை யாரும் ஏற்ற முடியாதென்று அவளுக்குத் தெரியும். அவனே ஏறினான், பலகை முனகியது. சவுக்குத்தோப்பைத் தாண்டிய மணலில் சக்கரம் அச்சுவரைக்கும் இறங்கிவிட்டது. மாடுகள் வாயில் நுரை தள்ளிக்கொண்டு நின்றன.

"சின்னப் புள்ளதானே குந்தினு கீது?" என்று துரை வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

மீதி தூரம் நடந்தார்கள். சேது அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு வந்தான். தூரத்தில் கோயில் தெரிந்ததும் அவன் நடை வேகமானது. இழுக்கப்பட்டவள் அவள்தான்.

தேவசகாயம் உள்ளே ஏணியில் நின்று வடக்குச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாம்மா அற்புதத்த? சுவரு தானா கூடிகிச்சு. வெடிப்புல ஒரு கை சுண்ணாம்பு வெக்கல நாங்க. சாமியாரு மேற்றிராணியாருக்கு, அதான் பிஷப்புக்கு, எழுதிப் போட்டுகிறாரு."

வெடிப்பு இல்லை. அவள் விரல் விட்ட இடத்தைத் தேடினாள். உள்ளங்கையால் தடவினாள். வழவழவென்று, இளஞ்சூடாக, பள்ளமோ மேடோ இல்லாமல் இருந்தது. நகத்தால் கீறினாள். நகம் பிய்ந்தது.

"என் பிள்ளை நூல் இதுக்குள்ள இருக்குங்க. நான் எரிக்கலை. எடுத்துக் குடுங்க."

தேவசகாயம் ஏணியிலிருந்து மெதுவாக இறங்கினார். பிள்ளையைப் பார்த்தார். தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அவன் காலடியில் குனிந்து, அவன் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிரபாவதி அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"எழுந்திருங்க. எதுக்கு அவன் காலைத் தொடறீங்க? என் பிள்ளைக்கு என்ன ஆச்சு?"

"மூணாந்தபா எப்டி நின்னுச்சுன்னு கேட்டியேம்மா" என்றார் அவர். குரல் எழும்பவில்லை. "அந்த மடத்துச் சாமியாரு, கூட வந்த சின்ன சாமியார நூலால அளந்து, அத்த உள்ள வெச்சுப் பூசுனாராம். அவங்க தேசத்து மடமும் அப்டித்தான் நின்னுச்சாம். வருசம் திரும்பல. அந்தப் பையன் கல்லாட்டம் கனத்துப் பூட்டான். அப்பால ஒவ்வொரு தபா வுழும்போதும் யாருனா ஒருத்தரு. பின்னால வந்த சாமியாருங்கதான் நூல எரிக்கணும்னு வெச்சாங்க. எரிச்சா நோவு மட்டும் போயிடும்."

"அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"சொன்னா யாரும்மா வருவா?"

அவள் எல்லப்பன் பக்கம் திரும்பினாள். "உடை."

"உடைச்சா சுவரு சரிஞ்சு வந்துடும்மா" என்றார் தேவசகாயம். ஒரு சாண் ஜன்னல் வழியாக வெளியே கை காட்டினார். சுவரின் காலில் கடல் மோதி வழிந்துகொண்டிருந்தது. கோயிலின் மறுபக்கத்தில், அதன் மறைவில்தான் குப்பத்துக் கூரைகள். "இது இல்லன்னா எங்க வூடுங்க இல்ல. ஆனா நான் உன்னத் தடுக்கல. பெத்தவ நீ. என்னால பாக்க முடியாது." தூணடியில் உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டார்.

எந்தக் குப்பம் எப்படிப் போனால் அவளுக்கென்ன? "உடைன்னு சொல்றேன்ல?"

எல்லப்பன் உளியை வைத்தான். சுத்தியை ஓங்கினான். ஒரு அடி.

"அம்மா."

குனிந்து பார்த்தாள். விரலைப் பிடித்தபடி சேது நின்றான். வாய் மூடியிருந்தது. கண் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எல்லப்பனுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. இரண்டாவது அடி விழுந்தது.

"அம்மா, வலிக்குது."

சுவருக்குள்ளிருந்து.

எல்லப்பன் கையிலிருந்து சுத்தி நழுவிக் கல்லில் விழுந்தது. உளிபட்ட இடத்தில் ஒரு சொட்டு சிவப்பு. வெள்ளையில் மெல்ல வழிந்தது. அவன் உளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். வாசலில் அவன் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

பிரபாவதி காதைச் சுவரில் வைத்தாள்.

துடிப்பு. சின்ன, வேகமான துடிப்பு. அதோடு விசில் ஊதுகிற அந்த மூச்சு. ஆயிரம் பிள்ளைகள் மூச்சுவிட்டாலும் அவளுக்கு அது தெரியும். உள்ளேதான் இருக்கிறான். மூச்சு முட்டிக்கொண்டு, நிமிர்த்தி உட்கார வைக்க ஆளில்லாமல், இந்தச் சுவருக்குள்.

"சேது. அம்மா இங்கதான்டா இருக்கேன். பயப்படாதடா."

"அம்மா, இருட்டா இருக்கு."

"இதோ எடுத்துடறேன். வலிக்காம எடுத்துடறேன்டா."

எப்படி எடுப்பாள்? அடித்தால் அவன்மேல் விழும். அடிக்காவிட்டால் அங்கேயே இருப்பான். நெற்றியால் சுவரை முட்டினாள். அவனுக்கு வலிக்குமே என்று அதையும் நிறுத்திக்கொண்டாள். ஓடிப்போய் யாரையாவது கூப்பிடலாம் என்று விரலை உருவினாள். வரவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளையின் மூடிய கைக்குள் அவள் விரல் இருந்தது. கை கல்லாகியிருந்தது. முழங்கை, தோள், கழுத்து. கண் மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது. பிறகு அதுவும் காய்ந்தது.

"அம்மா."

"சொல்லுடா."

"இவங்கல்லாம் யாரும்மா?"

அவள் காதை இன்னும் அழுத்தி வைத்தாள்.

"ரொம்ப நெருக்குறாங்கம்மா. எடமே இல்ல. கொஞ்சம் தள்ளிக்கச் சொல்லும்மா."

"தள்ளிக்கங்க" என்றாள் பிரபாவதி சுவரைப் பார்த்து. "சின்னப் பிள்ளைங்க அவன். மூச்சு முட்டும். தயவுசெஞ்சு கொஞ்சம் தள்ளிக்கங்க."

உள்ளே கல்லோடு கல் உரசுகிற மாதிரி என்னவோ நகர்ந்தது. தள்ளிக்கொள்ளவில்லை. இன்னும் நெருங்கிக்கொண்டது. விசில் மூச்சு ஒருதரம் ஏறியது.

"அம்மா, சொல்லும்மா."

அப்போது அவன் குரலுக்கு வெகு அருகில், ஒரு வாலிபக் குரல், மிகவும் பிரியமாக, "ஷ்ஷ்" என்றது.

சேது பேச்சை நிறுத்திக்கொண்டான்.